பகைக் கோளில் பிழைத்தல்: நான்கில் எதை முதலில் பார்ப்பது?

ஆளில்லாத கோளில் மாட்டிக்கொண்டவர்கள் எப்படித் தாக்குப்பிடிக்கிறார்கள் என்பதை அனிமேஷனில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு நான்கு படைப்புகளைச் சொல்லலாம். 2023இல் மேக்ஸ் தளத்தில் வந்த ‘ஸ்கேவெஞ்சர்ஸ் ரெய்ன்’. 2019இல் வந்த ஜப்பானிய அனிமே ‘அஸ்ட்ரா லாஸ்ட் இன் ஸ்பேஸ்’. 2003 அக்டோபர் முதல் 2004 அக்டோபர் வரை ஜப்பானின் என்எச்கே கல்வி அலைவரிசையில் ஓடிய ‘முஜின் வகுசேய் சவைவு’. ஆங்கிலத்தில் தேடுகிறவர்கள் ‘அன்இன்ஹாபிட்டட் பிளானட் சர்வைவ்’ என்று தேட வேண்டும். நான்காவது, ‘லவ், டெத் அண்ட் ரோபாட்ஸ்’ என்ற நெட்ஃபிளிக்ஸ் தனிக்கதைத் தொடரின் மூன்றாம் தொகுதியில் (2022) இருக்கும் ‘தி வெரி பல்ஸ் ஆஃப் தி மெஷின்’ என்ற ஒற்றை எபிசோட்.

முதலில் நேரக் கணக்கு. ஸ்கேவெஞ்சர்ஸ் ரெய்ன் 12 எபிசோட், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 25 நிமிடம், ஆக மொத்தம் 5 மணி நேரம். அஸ்ட்ராவும் 12தான், ஆனால் முதலும் கடைசியும் இரட்டை நீளம். நடுவிலுள்ள பத்தும் 24 நிமிடம், ஓரங்களில் இருக்கும் இரண்டும் 48 நிமிடம் என்று வைத்தால் 336 நிமிடம். அதாவது ஐந்தரை மணி நேரத்துக்குச் சற்று மேல். சவைவு 52 எபிசோட், 21 மணி நேரத்துக்கு மேல் போகும். கடைசியாகச் சொன்னது சுமார் 17 நிமிடம், டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

நேரம் எப்படியாவது கிடைத்துவிடும். அதைவிடக் கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு கதையும் ‘பகை’ என்ற சொல்லை எப்படி எடுத்துக்கொள்கிறது என்பது. சில கதைகளில் கோள் மனிதர்களைக் கொல்லவே காத்திருக்கும். மரம் கடிக்கும், பாறை விழுங்கும். வேறு சில கதைகளில் கோளுக்கு மனிதர்கள் வந்திறங்கியதே தெரியாது. அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும், குறுக்கே போனவர் நசுங்குவார். இரண்டாவது வகை எடுப்பது கடினம். எழுதுகிறவர் ஒவ்வொரு உயிருக்கும் பிழைப்புக்கான ஒரு காரணம் யோசித்து வைத்திருக்க வேண்டும். எதைச் சாப்பிடுகிறது, எது அதைச் சாப்பிடுகிறது, எப்படி இனம் பெருக்குகிறது என்பது தெரியாமல் வரைந்தால் இரண்டாவது எபிசோடிலேயே சாயம் வெளுத்துவிடும்.

ஸ்கேவெஞ்சர்ஸ் ரெய்ன் அந்த வேலையை முழுசாகச் செய்திருக்கிறது. அதனால்தான் இந்தப் பட்டியலில் அதற்கு முதல் இடம். டிமீட்டர் என்ற சரக்கு விண்கலம் சூரியச் சுடரொன்றில் சிக்கிப் பழுதாகிறது. தப்பிக்கும் குப்பிகளில் ஏறிச் சிலர் வெஸ்டா என்ற கோளில் இறங்குகிறார்கள், அதுவும் ஒருவருக்கொருவர் வெகு தொலைவில். (1807இல் ஓல்பர்ஸ் கண்டுபிடித்து, 2011இல் டான் விண்கலம் சுற்றிவந்த வெஸ்டா சிறுகோள் வேறு. இதற்கும் அதற்கும் பெயரில் மட்டும்தான் ஒற்றுமை.) மேலே சுற்றிக்கொண்டிருக்கும் டிமீட்டரைத் தொலைவிலிருந்தே கட்டளை கொடுத்துத் தரையிறக்க வேண்டும், பிறகு அது இறங்கிய இடத்துக்கு நடந்து போய்ச் சேர வேண்டும். கதையின் முதுகெலும்பு இவ்வளவுதான்.

நடப்பவர்கள் மூன்று கூட்டம். ஒவ்வொரு கூட்டமும் பிழைப்பதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. தொடருக்குள்ளேயே ஒரு ஒப்பீடு ஓடுகிறது என்று சொல்லலாம். சாம் கேப்டன். கப்பலுக்குப் போய்ச் சேர்வது ஒன்றே அவர் கணக்கு, வழியில் பார்ப்பதெல்லாம் கருவி அல்லது தடை. அவருடன் போகும் அர்சுலா நின்று பார்ப்பவர். ஒரு உயிர் ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்று புரிந்த பிறகுதான் கை வைப்பார். ஆஸி இறங்கிய இடத்திலேயே பயிர் வைத்து, வேலைகளைப் பங்கிட்டு, லீவை என்ற ரோபோவோடு ஒழுங்காக நாளை ஓட்டுகிறார். கேமன் எதையும் செய்ய முடியாத நிலையில் இருக்கிறார். அவருடைய குப்பி மரத்தில் சிக்கித் தொங்குகிறது, கதவைத் திறந்து வெளியே வர வழியில்லை.

எந்த வழி எங்கே உடைகிறது என்பதில்தான் எழுத்தின் திறமை தெரிகிறது. ஆஸியின் ஒழுங்கு உடைவது லீவையால். ரோபோவின் உடலுக்குள் கோளின் ஏதோ ஒரு வளர்ச்சி பாசிபோலப் புகுந்து சுற்றுகளில் படர்கிறது. இயந்திரம் தெரிந்தவர் எவரும் அதைப் பழுது என்றுதான் நினைப்பார். ஆஸியும் அப்படித்தான் நினைக்கிறார். ஆனால் லீவை நிற்கவில்லை. சொல்லாத வேலைகளைச் செய்யத் தொடங்குகிறது, எதையோ கவனிக்கிறது, எதற்கோ தயங்குகிறது. இதை ‘ரோபோவுக்கு உயிர் வந்துவிட்டது’ என்று யாரும் வசனத்தில் அறிவிப்பதில்லை. கை நீளும் வேகம், தலை திரும்பும் விதம், இவற்றில் மட்டும் எபிசோடுக்கு எபிசோட் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றம் தெரியும்.

கேமனின் கதை இதற்கு நேர் எதிர். ஹாலோ என்ற குட்டை உருவம் அவரைக் கண்டுபிடிக்கிறது. உருண்டைக் கண், சின்னக் கால், தொடாமலே பொருளை அசைக்கும் சக்தி. பார்த்தால் மடியில் எடுத்து வைத்துக்கொள்ளத் தோன்றும். அது மற்ற உயிர்களின் மனதைப் பிடித்துத் தனக்கு இரை கொண்டுவரச் செய்து வாழும் பிராணி. கேமனைக் காப்பாற்றுகிறது, ஊட்டுகிறது, பதிலுக்கு அவரையும் பிடித்துக்கொள்கிறது. இதில் கெட்டுப்போவது யார்? சின்ன உயிர்கள் கொண்டுவந்த இரையில் அடங்கியிருந்த விலங்குக்கு, துப்பும் கையும் உள்ள ஒரு மனிதன் வேட்டைக்காரனாகக் கிடைக்கிறான். இரையின் அளவு கூடுகிறது, ஹாலோவின் உடலும் பசியும் கூடவே வளர்கின்றன. சுற்றியுள்ள சமநிலை குலைகிறது. கோள் மனிதனுக்குப் பகையா, மனிதன் கோளுக்கா என்ற கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்காமலே தொடர் அதைத் தூக்கி முன்னே வைத்துவிடுகிறது. பல பேர் இந்தக் கிளைக்கதையைத்தான் ‘இழுவை’ என்று தாண்டிவிடுகிறார்கள். தாண்டக் கூடாது. கேமனின் பழைய நினைவுகளில்தான் டிமீட்டருக்கு என்ன நடந்தது, ஏன் நடந்தது என்பதற்கான விடை இருக்கிறது.

ஒரு காட்சியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். மூன்றாவது எபிசோடில் சாமும் அர்சுலாவும் ஒரு பெரிய சுவரைக் கடக்க வேண்டியிருக்கிறது. உயிருள்ள சுவர். உள்ளே அர்சுலா ஒரு இடத்தில் நின்றுவிடுகிறார். அங்கே பூபோல ஒன்று விரிந்து, அதிலிருந்து மனித உருவத்தை ஒத்த ஒரு சின்ன உயிர் எழுகிறது. பிறந்தது, தான் செய்ய வேண்டிய ஒரு வேலையைச் செய்கிறது, செய்து முடித்ததும் அடங்கிவிடுகிறது, அடுத்த சுற்றுக்கு வித்து தயார். மொத்தமும் சில நிமிடங்கள், வசனமே கிடையாது. அர்சுலாவின் முகத்தில் பயமும் இல்லை, கொண்டாட்டமும் இல்லை. கதை நகர்வதற்கு இந்தக் காட்சி தேவையே இல்லை. தொடரின் அடையாளமாகப் பலர் சொல்வது ஆனால் இதைத்தான். இந்த இடத்தில் பொறுமை இழந்து கைபேசியை எடுக்கிறவருக்கு மீதித் தொடர் ஒத்துவராது என்று இங்கேயே முடிவு செய்துவிடலாம்.

பார்க்கும் முறையிலும் சில விஷயங்கள் உண்டு. விலங்குகளுக்குக் கதைக்குள் யாரும் பெயர் வைத்து விளக்குவதில்லை, அதனால் சப்டைட்டிலை நம்பிக் காதால் கதை கேட்க முடியாது. கண் திரையில் இருக்க வேண்டும். ஒலிக்கு ஹெட்போன் போட்டால் காட்டின் அடுக்குகள் பிரிந்து கேட்கும். முதலில் வெளியானபோது வாரத்துக்கு மூன்று எபிசோட் என நான்கு வாரத்தில் முடித்தார்கள். அந்த மூன்று மூன்றான கட்டு பார்ப்பதற்கும் சரியாகப் பொருந்துகிறது. மூன்று கூட்டத்தையும் சுற்றிவர ஒரு எபிசோட் போதாது, ஆறு சேர்த்துப் பார்த்தால் கனம் தாங்காது. சாப்பிடும் நேரத்தில் வேண்டவே வேண்டாம். உடலுக்குள் புகுவது, கிழிவது, ஒட்டுவது எல்லாம் விவரமாக வரைந்திருக்கிறார்கள். அனிமேஷன் என்பதால் பிள்ளைகளோடு உட்கார்ந்துவிட்டு முதல் எபிசோடிலேயே ரிமோட்டைத் தேடும் பெற்றோர் நிறைய. இது பெரியவர்களுக்கான தொடர்.

அறிவியல் பக்கம் ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். வெஸ்டாவில் எல்லோரும் பெரும்பாலும் முகமூடி இல்லாமல் மூச்சு விடுகிறார்கள், அங்கே விளைந்ததைத் தின்கிறார்கள். பூமி உயிர்களின் புரதத்தில் இருக்கும் அமினோ அமிலங்கள் கிட்டத்தட்ட எல்லாமே இடக்கை வடிவம். வேறொரு கோளில் உயிர் வலக்கை வடிவத்தில் தொடங்கியிருந்தால், அந்தப் பழத்தை வயிறு முட்டத் தின்றாலும் அதன் புரதம் உடம்பில் ஒட்டாது. ஒட்டுண்ணி விஷயமும் இப்படித்தான். ஒரு ஒட்டுண்ணி ஓர் உடலில் குடியேற அதன் வேதியியல் அந்த உடலுக்குப் பொருந்த வேண்டும், அது தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து வாழ்ந்து வருவது. நேற்று இறங்கிய மனிதன் வெஸ்டாவின் உயிருக்கு இவ்வளவு வசதியான வீடாக இருப்பது நம்பும்படி இல்லை. தொடர் இதற்கு விளக்கம் சொல்வதில்லை. ஆனால் ஒருமுறை வகுத்த விதியைப் பிறகு தன் வசதிக்காக மீறுவதும் இல்லை. அதனால் குறை உறுத்துவதில்லை.

ஐயம் உள்ளவர்களுக்கு ஒரு சோதனை வழி இருக்கிறது. இதை உருவாக்கிய ஜோசப் பென்னட்டும் சார்லஸ் ஹியூட்னரும் 2016இல் அடல்ட் ஸ்விம் அலைவரிசைக்காக ‘ஸ்கேவெஞ்சர்ஸ்’ என்று சுமார் 8 நிமிடக் குறும்படம் ஒன்று செய்தார்கள். இரண்டு பேர், பேச்சே இல்லை. ஒரு விலங்கைக் கொண்டு இன்னொன்றை, அதைக் கொண்டு அடுத்ததை என்று சங்கிலியாகப் பயன்படுத்திக்கொண்டே போகிறார்கள். எதற்காக இவ்வளவு பாடு என்பது முடிவில்தான் தெரியும். பிடித்தால் தொடரும் பிடிக்கும். தொடரின் கதை எதுவும் இதில் உடையாது.

அஸ்ட்ரா முற்றிலும் வேறு ஜாதி. கென்டா ஷினோஹராவின் ஐந்து தொகுதி மாங்காவை (ஜப்பானியச் சித்திரக்கதை) லெர்ச்சே ஸ்டுடியோ அனிமே ஆக்கியது. 2063இல் கோள் முகாமுக்குப் போன பள்ளிக் கூட்டம் ஒன்பது பேரை ஒரு மர்ம உருண்டை விழுங்கி 5,012 ஒளியாண்டு தள்ளி விண்வெளியில் துப்பிவிடுகிறது. பக்கத்தில் மிதக்கும் ஆளில்லாத பழைய கலம் ஒன்றில் ஏறிக்கொள்கிறார்கள். உணவும் நீரும் கொஞ்ச நாளுக்குத்தான் வரும். ஒரே மூச்சில் வீடு திரும்ப முடியாது. ஆகவே நீரும் உணவும் கிடைக்கக்கூடிய கோள்களைப் பார்த்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவிப் போக வேண்டும். விலாவர்ஸ், ஷம்மூர், அரிஸ்பேட், இக்ரிஸ், கேலம் என்று ஐந்து நிறுத்தங்கள்.

இங்கே கோள் ஒரு புதிர். இறங்கு, எது தின்னலாம் என்று பார், என்ன ஆபத்து என்று கண்டுபிடி, தொட்டியை நிரப்பு, கிளம்பு. ஷம்மூரில் பூஞ்சை ஆட்சி செய்கிறது, அதன் நஞ்சில் மாட்டுகிறார்கள், மருந்தும் அந்தச் சூழலுக்குள்ளேயே இருக்கிறது. இக்ரிஸ் தன் சூரியனுக்கு எப்போதும் ஒரே முகத்தைக் காட்டும் கோள். ஒரு பக்கம் ஓயாத பகல், மறுபக்கம் ஓயாத இரவு, இடையில் வளையமாக ஓடும் அந்தி நிலத்தில்தான் உயிர் இருக்கிறது. இது கற்பனை மட்டும் இல்லை. டிராப்பிஸ்ட்-1, பிராக்சிமா செண்டாரி போன்ற சிவப்புக் குள்ள விண்மீன்களை ஒட்டிச் சுற்றும் கோள்கள் இப்படிப் பூட்டுண்டு கிடக்கக்கூடும் என்றே வானியலாளர்கள் கருதுகிறார்கள். ஐந்து கோளிலும் மூச்சு விடத் தோதான காற்று இருப்பதுதான் கொஞ்சம் கைகொடுத்த அதிர்ஷ்டம்.

முதல் எபிசோடில் ஒரு மீட்புக் காட்சி. ஏரீஸ் என்ற பெண் உந்துவிசை வேலை செய்யாமல் வெற்றிடத்தில் விலகிப் போய்க்கொண்டிருக்கிறாள். கனாட்டா அவளைப் பிடிக்கப் பாய்கிறான். பிடித்துவிடுகிறான், ஆனால் திரும்பி வருவது அவன் கையில் இல்லை. விண்வெளியில் பிரேக் கிடையாது, எந்தத் திசையில் எந்த வேகத்தில் போகிறோமோ அப்படியே போய்க்கொண்டிருப்போம். மற்றவர்கள் கலத்திலிருந்து கைகோத்துச் சங்கிலியாக நீண்டு அவர்களைப் பிடிக்கிறார்கள். உணர்ச்சிக்காக வைத்த காட்சிதான், இயற்பியலும் பெரிதாகத் தப்பவில்லை.

தெரிந்துகொண்டு போக வேண்டியது இன்னொன்று. பாதிக்கு மேல் இது பிழைப்புக் கதையாக இருப்பதை நிறுத்திக்கொள்கிறது. ‘இவர்களை இங்கே அனுப்பியது யார், ஏன்’ என்ற மர்மம் மேலே வந்து, கோள்கள் பின்னணியாகிவிடுகின்றன. அந்த மர்மம் நன்றாகப் பின்னியது. முதல் எபிசோடில் கடந்துபோன சின்ன விஷயம் பத்தாவதில் திரும்பி வந்து நிற்கும். 2020இல் அறிவியல் புனைவுக்கான ஜப்பானின் செயுன் விருது இதற்குக் கிடைத்ததில் வியப்பில்லை. ஆனால் காடு, உணவு, நெருப்பு என்று வந்தவருக்கு ஏமாற்றம்தான். இடையிடையே வரும் நகைச்சுவை, பதற்றமான நேரத்தில் காற்றைப் பிடுங்கிவிடும்; சிலருக்கு அது ஆறுதல், சிலருக்கு எரிச்சல். பாத்திரங்களின் பெயரை இணையத்தில் தேட வேண்டாம், முதல் வரியிலேயே ஸ்பாய்லர் காத்திருக்கும். பேச்சு நிறைய, ஒன்பது பேரும் மாறி மாறிப் பேசுவார்கள். சப்டைட்டில் படிக்கும் வேகம் இல்லாத பிள்ளைகளோடு பார்ப்பதானால் ஆங்கில டப்பிங்கே வசதி. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு நான்கில் சரியான தேர்வு இதுதான்.

சவைவு பழைய பள்ளிக்கூடத்துத் தொடர், நல்ல அர்த்தத்தில். பூமி வாழத் தகுதியற்றுப் போன காலம், விண்வெளிக் குடியிருப்பில் வளர்ந்த ஏழு மாணவர்களும் சாகோ என்ற பூனை ரோபோவும் முகவரி இல்லாத கோளில் விழுகிறார்கள். 52 எபிசோட் இருப்பதால் அவசரமே இல்லை. குடிநீர் தேடுவது, நெருப்பு மூட்டுவது, தங்க இடம் கட்டுவது, ஒவ்வொன்றுக்கும் நேரம் ஒதுக்குகிறார்கள். பொத்தானை அமுக்கி வளர்ந்த பிள்ளைகளுக்குக் கை வேலை தெரியாது என்பதே முதல் பல எபிசோடுகளின் சிக்கல். அதைவிடப் பெரிய சிக்கல், யார் தலைவர் என்பது. வகுப்புத் தலைவி மெனோரிக்கு அதிகாரம் தெரியும், லூனாவுக்கு மனிதர்கள் தெரியும், பணக்கார வீட்டு ஹோவர்டுக்கு வேலையிலிருந்து நழுவத் தெரியும். உணவுப் பங்கில் வரும் சண்டைகள் அவ்வளவு உண்மையாக இருக்கும். படத்தின் தரம் இருபது வருடம் பழசு, விலங்குகள் பெரும்பாலும் பெரிய பல்லி, பெரிய பாம்பு வகை. கோள் என்ற அளவில் கற்பனை ஏழ்மைதான். ஆனால் தினம் ஒரு எபிசோட் என்று வீட்டோடு இரண்டு மாதம் பார்க்க இதைப் போல வேறு இல்லை. தொடங்குவதற்கு முன் 52உம் ஒரே இடத்தில் கிடைக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாதியில் அறுந்தால் கோபம் வரும்.

வெரி பல்ஸ், எமிலி டீன் இயக்கி பாலிகான் பிக்சர்ஸ் செய்தது. இடம் வியாழனின் நிலவு ஐயோ. ஊர்தி கவிழ்ந்து தோழி இறந்துவிடுகிறாள். பிழைத்தவளின் மூச்சுக் கருவி பழுது. அதனால் பிணத்தின் உடையில் இருக்கும் ஆக்சிஜனோடு குழாயை இணைத்து, பிணத்தையும் இழுத்துக்கொண்டே நடக்கிறாள். வலி தாங்க எடுத்த மருந்து வேறு தலைக்கேறுகிறது. கேட்கும் குரல் நிலவுடையதா, மருந்துடையதா என்பதே கதை. ஐயோவின் ஈர்ப்பு பூமியில் 18 விழுக்காடுதான், எனவே இழுப்பது நடக்கிற காரியம். கதையில் வருவதுபோல, ஐயோவின் தரையில் இருக்கும் கந்தகத்தைத் தேய்த்தால் மின்னேற்றம் பெறும் என்பதும் உண்மை. 17ஆம் நூற்றாண்டிலேயே ஓட்டோ வான் கெரிக்கே கந்தக உருண்டையைச் சுழற்றித் தேய்த்து அதைக் காட்டியிருக்கிறார். பிழை வேறு இடத்தில். ஐயோவின் தரையில் கதிர்வீச்சு நாளொன்றுக்கு ஏறக்குறைய 36 சீவர்ட் (உடம்பில் ஏறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). ஐந்து சீவர்ட்டே சிகிச்சை இல்லாவிட்டால் பாதிப் பேரைக் கொல்லும். சாதாரண விண்வெளி உடையில் அவ்வளவு தூரம் நடக்க நினைத்தாலே, ஆக்சிஜன் தீருமுன் வாந்தி தொடங்கியிருக்கும்.

ஆக, தனியாகவோ துணையோடோ ஒரு வார இறுதி இருந்தால் ஸ்கேவெஞ்சர்ஸ் ரெய்ன், வேறு யோசனையே வேண்டாம். வீட்டில் பிள்ளைகள் உண்டென்றால் அஸ்ட்ரா. அவர்களுக்குப் பிடித்து இன்னும் வேண்டும் என்றால் சவைவு. இன்று இரவு அரை மணிதான் இருக்கிறதென்றால் வெரி பல்ஸைப் பார்த்துவிட்டு, மேலே சொன்ன 8 நிமிடக் குறும்படத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டையும் பார்த்த பிறகு மறுநாள் எதைத் தொடங்குவது என்று கேட்க வேண்டியிருக்காது. அஸ்ட்ராவையும் ஸ்கேவெஞ்சர்ஸையும் அடுத்தடுத்துப் பார்ப்பதாக இருந்தால் அஸ்ட்ரா முன்னால் இருக்கட்டும். வெஸ்டாவைப் பார்த்த கண்ணுக்கு அஸ்ட்ராவின் காடுகள் பிளாஸ்டிக் பூப்போலத் தெரியும்.

‘ரத்தான தொடரை எதற்குத் தொடங்குவது’ என்ற தயக்கம் நியாயமானது. மேக்ஸ் 2024 மே மாதம் ஸ்கேவெஞ்சர்ஸ் ரெய்னைக் கைவிட்டது. அதே மாதக் கடைசியில் முதல் சீசன் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தது, அங்கேயும் இரண்டாம் சீசனுக்கு ஒப்புதல் கிடைக்கவில்லை. அந்த ஆண்டின் சிறந்த அனிமேஷன் நிகழ்ச்சிக்கான எம்மி பரிந்துரைப் பட்டியலில் பெயர் இருந்தும் பயனில்லை. ஆனால் டிமீட்டரை நோக்கிய நடை 12ஆவது எபிசோடுக்குள் முடிந்துவிடுகிறது, நடந்த ஒவ்வொருவருக்கும் ஒரு முடிவு இருக்கிறது. கடைசிச் சில நிமிடங்கள் மட்டும் எடுக்கப்படாத சீசனுக்காகத் திறந்து வைத்த கதவு.